செய்திக்கும் ஆயுள் உண்டு

ஆக்டினோமைசின்-டி என்று ஒரு மருந்து. செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் டியூபை அலுமினியத் தாளில் சுற்றி வைப்போம். அதைச் செல்களின் மேல் விட்டால், சிறிது நேரத்தில் டி.என்.ஏ.விலிருந்து புதிய ஆர்.என்.ஏ. எழுதப்படுவது நின்றுபோகும். அதன்பின் செல்லுக்குள் இருப்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டவை மட்டும். பதினைந்து நிமிடம், முப்பது, அறுபது, தொண்ணூறு என்று ஒவ்வொரு தட்டாக எடுத்து, ஐஸில் வைத்து, செல்லை உடைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க வேண்டும். நம் தோலிலேயே ஆர்.என்.ஏ.வை அரித்துத் தின்னும் நொதிகள் உண்டு. அதனால் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டால்கூட கையுறையை மாற்றிக்கொண்டுதான் அடுத்த டியூபை எடுப்பேன்.

ஆராய்ச்சி மாணவியாக முதன்முதலில் இந்தச் சோதனையைச் செய்தபோது, வந்த வரைபடத்தை நம்ப மனம் வராமல் மறுபடியும் செய்தேன். கிருமியின் நச்சைக் கொடுத்துக் கிளப்பிவிட்ட மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அவை. ஆக்டின் புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ. தொண்ணூறு நிமிடம் கழித்தும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதே தட்டில், டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ. சரசரவென்று இறங்கியிருந்தது. பி38 என்ற சமிக்ஞைப் புரதத்தை முடக்கும் மருந்தையும் சேர்த்து விட்ட தட்டில் அது இன்னும் சீக்கிரமே காணாமல் போயிருந்தது. புதிதாக எழுதுவது எல்லாத் தட்டிலும் ஒரேபோல் நின்றுவிட்டது. அப்படியிருக்க, ஒரு செய்தி தங்குவதும் இன்னொன்று தேய்வதும் எதனால்? செல்லின் வெளிச்சவ்வில் தொடங்கிய சமிக்ஞைக்கு இந்தத் தேய்மானத்தின் வேகத்தில் என்ன பங்கு?

பதில், ஆர்.என்.ஏ.வின் மேல் உட்காரும் புரதங்களிடம் இருக்கிறது. எம்.ஆர்.என்.ஏ. என்ற சொல் கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. மரபணுவில் உள்ள தகவலைப் படியெடுத்து, புரதம் கட்டும் இடத்துக்குக் கொண்டுபோகும் செய்தி அது. ஆனால் அந்தச் செய்தி ஒருபோதும் தனியாகப் பயணம் செய்வதில்லை. எழுதப்படும் கணத்திலிருந்து அழியும் கணம்வரை அதன்மேல் புரதங்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன. மனிதரிடம் இத்தகைய புரதங்கள் 1,500-க்கு மேல் என்று 2014-இல் வந்த ஒரு கணக்கெடுப்பு சொன்னது. இவ்வளவு பெரிய கூட்டத்தைப் பற்றி மாணவர்களிடமும், சில வேளைகளில் படித்த பெரியவர்களிடமும் நான் திரும்பத் திரும்பச் சந்திக்கும் சில எண்ணங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“மரபணு விழித்துவிட்டால் சமிக்ஞையின் வேலை முடிந்தது”

பாடப் புத்தகத்தில் வரும் படம் நினைவிருக்கும். செல்லின் வெளிச்சவ்வில் ஓர் ஏற்பி. அதில் ஒரு மூலக்கூறு வந்து பொருந்தும். உள்ளே கைனேஸ் என்ற பாஸ்பேட் ஒட்டும் நொதி அடுத்த கைனேஸை எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். கடைசி அம்புக்குறி உட்கருவுக்குள் நுழைந்து ஒரு மரபணுவைத் தொடும். அதோடு படம் முடிந்துவிடும். தேர்வுக்கு இது போதும், செல்லுக்குப் போதாது.

பாக்டீரியாவின் மேலுறை நச்சைச் சந்தித்த மேக்ரோஃபேஜையே பார்ப்போம். சிறிது நேரத்தில் டி.என்.எஃப். மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. காய்ச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கி, மற்ற செல்களைத் திரட்டும் புரதம் டி.என்.எஃப். அவசரத்துக்கு அது உடனே வேண்டும். அவசரம் தீர்ந்ததும் உடனே ஓயவும் வேண்டும். புதிதாக எழுதுவதை நிறுத்தினால் மட்டும் ஓய்ந்துவிடாது. ஏற்கெனவே எழுதிய செய்திகள் செல்லெங்கும் கிடக்கின்றன. அவை இருக்கும்வரை புரதம் வந்துகொண்டேதான் இருக்கும்.

1986-இல் கிரே ஷா, ராபர்ட் கேமன் என்ற இருவர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். வெள்ளணுக்களை வளர்க்கும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்ற புரதத்தின் எம்.ஆர்.என்.ஏ. மிகக் குறைந்த ஆயுள் கொண்டது. அதன் வால் பகுதியிலிருந்து 51 எழுத்துகளை மட்டும் எடுத்து, முயலின் குளோபின் எம்.ஆர்.என்.ஏ.வின் வாலில் செருகினார்கள். குளோபின் செய்தி நெடுநாள் வாழக்கூடியது. இந்த 51 எழுத்துகள் சேர்ந்ததும் அதன் ஆயுள் குறுகிப்போனது. அந்தத் துண்டில் ஏ-வும் யு-வும் நிறைந்திருந்தன. ஏயுயுயுஏ என்ற ஐந்தெழுத்து மீண்டும் மீண்டும் வந்தது. டி.என்.எஃப். செய்தியின் வாலிலும் அதே வகைத் துண்டு இருந்தது.

இந்த எழுத்துகள் புரதமாக மொழிபெயர்க்கப்படுவதில்லை. ஒரு காலத்தில் இவற்றை வெறும் ஓரத்தாள்போல நினைத்து எவரும் அதிகம் கண்டுகொள்ளவில்லை. உண்மையில் அவை இருக்கைகள். எந்தப் புரதம் அங்கே வந்து உட்காருகிறது என்பதைப் பொறுத்து அந்தச் செய்தியின் விதி அமையும்.

டி.என்.எஃப். செய்தியின் இருக்கையில் உட்காரும் புரதங்களில் முக்கியமானது டிரிஸ்டெட்ராப்ரோலின். சுருக்கமாக டி.டி.பி. என்போம். அது உட்கார்ந்ததும், செய்தியின் கடைசியில் நீளும் ஏ-எழுத்துச் சரத்தைக் கடித்துத் தின்னும் நொதிக் கூட்டத்தை அழைக்கிறது. சரம் போனபின் செய்தி நிலைக்காது. அமெரிக்காவின் வட கரோலைனாவில் பெரி பிளாக்ஷியரின் குழு 1996-இல் இந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கியது. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 1998-இல் அதே குழு, டி.டி.பி. நேராக டி.என்.எஃப். செய்தியின் ஏ-யு துண்டில் உட்காருவதைக் காட்டியது.

சமிக்ஞை உள்ளே வருவது இங்கேதான். கிருமி நச்சு ஏற்பியைத் தொட்டதும் பி38 என்ற கைனேஸ் எழும். அது எம்.கே.2 என்ற இன்னொரு கைனேஸை எழுப்பும். எம்.கே.2, டி.டி.பி.யின் மேல் இரண்டு குறிப்பிட்ட இடங்களில் பாஸ்பேட் ஒட்டும். எலியின் டி.டி.பி.யில் அவை 52-ஆம், 178-ஆம் இடங்களில் உள்ள செரீன் என்ற அமினோ அமிலங்கள். பாஸ்பேட் ஏறிய டி.டி.பி.யை 14-3-3 என்ற புரதம் வந்து பற்றிக்கொள்ளும். இப்போது அழிக்கும் கூட்டத்தை அழைக்க அதனால் முடியாது, டி.என்.எஃப். செய்தி பிழைத்துக் கிடக்கிறது, புரதம் பொங்கி வருகிறது. என் தட்டில் பி38-ஐ முடக்கியபோது டி.என்.எஃப். செய்தி சீக்கிரம் அழிந்ததற்குக் காரணம் இதுதான்: டி.டி.பி.யின் கைக்கட்டு அவிழ்ந்துவிட்டது.

எனக்கு இன்றும் வியப்புத் தருவது இதற்கு அடுத்த படி. டி.என்.எஃப். மரபணுவை எழுப்பிய அதே சமிக்ஞை, டி.டி.பி. மரபணுவையும் எழுப்புகிறது. தீயை மூட்டும்போதே பக்கத்தில் குடம் குடமாகத் தண்ணீரையும் நிரப்பி வைக்கிறது செல். பி38 உச்சத்தில் இருக்கும்வரை அந்த டி.டி.பி. எல்லாம் பாஸ்பேட் ஏறிச் செயலற்றுச் சேர்ந்துகொண்டே இருக்கும். பி38 தணியத் தொடங்கியதும், பாஸ்பேட்டை உருவும் நொதி மேலோங்கும். சேர்ந்திருந்த டி.டி.பி. முழுவதும் ஒன்றாக வேலையில் இறங்கும். அழற்சி அடங்கும். ஸ்டீராய்டு மருந்துகள் வீக்கத்தை வற்றவைக்கும் வழிகளில் ஒன்றும் இதே பாதைதான். டெக்ஸாமெத்தசோன், டஸ்ப்1 என்ற நொதியைக் கூட்டுகிறது, டஸ்ப்1 பி38-ஐ அடக்குகிறது, டி.டி.பி. விடுபடுகிறது.

“எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நல்லது”

கொரோனா காலத்தில் ஊரெங்கும் இந்தப் பேச்சுதான். கடையில் எதை எடுத்தாலும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று எழுதியிருந்தது. கூட்டுவது மட்டுமே குறி என்ற எண்ணம் அப்படியே மனத்தில் பதிந்துவிட்டது.

டி.டி.பி. இல்லாத அந்த எலிகளைப் பாருங்கள். பிறக்கும்போது மற்றக் குட்டிகளைப் போலத்தான் இருந்தன. சில வாரங்களில் எடை ஏறுவது நின்றது. உடல் வற்றியது. தோலில் அழற்சி, திட்டுத் திட்டாக முடி உதிர்வு, கண்ணில் வீக்கம், மூட்டுகளை அரிக்கும் வாதம். அவற்றின் நோய் எதிர்ப்பு அமைப்பில் எதுவும் குறையவில்லை. அடக்கும் ஒரு புரதம்தான் இல்லை. குட்டிப் பருவத்திலேயே டி.என்.எஃப்.-க்கு எதிரான ஆன்டிபாடியைக் கொடுத்துவந்தபோது இந்தக் கோளாறுகள் பெரும்பாலும் தலைகாட்டவே இல்லை. உடம்பெங்கும் பரவிய நோய்க்கு வேர், அழியாமல் தங்கிவிட்ட ஒரு செய்தியில் இருந்தது.

புரதத்தைத் தொடாமல் இருக்கையை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கிரேக்க நாட்டில் ஜார்ஜ் கோலியாஸின் குழு 1999-இல் அதைச் செய்து பார்த்தது. எலியின் டி.என்.எஃப். மரபணுவில் அந்த ஏ-யு துண்டை மட்டும் நீக்கினார்கள். டி.என்.எஃப். புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை. ஆனாலும் எலிகளுக்கு மூட்டுவாதமும், மனிதரின் கிரோன் நோயைப் போன்ற குடல் அழற்சியும் வந்தன. மரபணுக் கோளாறு என்றால் தப்பான புரதம் என்றே பலரும் எண்ணுகிறோம். இங்கே புரதம் சுத்தமானது. அளவும் நேரமும்தான் கெட்டன.

ரோக்வின் என்ற மற்றொரு புரதத்தின் கதையும் இதே மாதிரி. ஆஸ்திரேலியாவில் 2005-இல், அந்தப் புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறிய எலிகளுக்கு லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய் வந்தது. டி-செல்களைத் தூண்டும் ஒரு செய்தியை அழிக்க வேண்டியது ரோக்வினின் கடமை. அது தவறியதும் உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கியது.

“ஆர்.என்.ஏ.வில் ஒட்டும் புரதம் என்றால் அதை அழிக்கும் புரதம்”

டி.டி.பி.யை முதலில் படித்தவர்களுக்கு இப்படித் தோன்றிவிடும். அதே ஏ-யு இருக்கைகளில் பலவற்றில் ஹு-ஆர் என்ற புரதமும் வந்து உட்காரும். அது உட்கார்ந்தால் பெரும்பாலும் செய்தி நீடிக்கும். ஆக, ஓர் இருக்கைக்கு இருவர் போட்டி. யார் உட்காருவது என்பதைச் சமிக்ஞைகள் முடிவு செய்கின்றன. ஹு-ஆர் சாதாரணமாக உட்கருவில்தான் குவிந்திருக்கும். செல்லுக்கு நெருக்கடி வந்தால் சைட்டோபிளாசத்துக்கு இறங்கி வரும்.

ஆனால் இந்த எண்ணத்தை முழுவதுமாகத் தகர்க்க ஹு-ஆர்கூட வேண்டாம். ஒரே புரதம், உட்காரும் இடத்தைப் பொறுத்து இரண்டு எதிரெதிர் வேலைகள் செய்யும். இரும்புச் சத்தின் கதை அதற்குச் சாட்சி.

செல்லுக்கு இரும்பு வேண்டும். மிஞ்சினால் அதே இரும்பு நஞ்சு. உபரி இரும்பைப் பூட்டி வைக்கும் பெட்டகம் ஃபெரிட்டின். 24 புரத அலகுகள் சேர்ந்த ஒரு கோளம். உள்ளே 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். வெளியிலிருந்து இரும்பை உள்ளே இழுத்துவரும் வாசல் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. இரும்பு குறைவென்றால் பெட்டகம் குறைய வேண்டும், வாசல் பெருக வேண்டும். இரும்பு மிகுந்தால் நேர்மாறாக. இரண்டு மரபணுக்கள், எதிரெதிர்த் திசைகள். இரண்டையும் ஒரே கையால் நடத்துகிறது ஐ.ஆர்.பி.1 என்ற புரதம்.

ஆர்.என்.ஏ. இழை சில இடங்களில் தன்மேலேயே மடங்கி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைப் போல நிற்கும். ஃபெரிட்டின் செய்தியின் தலைப் பகுதியில், புரதச் செய்முறை தொடங்குவதற்கு முன்பே, அப்படி ஒரு வளைவு உண்டு. சுமார் முப்பது எழுத்து நீளம். டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் செய்தியில் அதே மாதிரி ஐந்து வளைவுகள், ஆனால் வாலில். இரும்பு குறைந்தால் ஐ.ஆர்.பி.1 இந்த வளைவுகளில் ஏறி உட்காரும். ஃபெரிட்டினின் தலையில் உட்கார்ந்தால், புரதம் கட்டும் ரைபோசோம் ஏற வழியில்லை. ஃபெரிட்டின் உற்பத்தி நிற்கும். ஏற்பியின் வாலில் உட்கார்ந்தால் வெட்டும் நொதி நெருங்க முடியாது. அந்தச் செய்தி நீடித்து வாசல்கள் பெருகும். தலையில் பூட்டு, வாலில் கவசம்.

இரும்பு வந்துவிட்டது என்று ஐ.ஆர்.பி.1-க்கு எப்படித் தெரிகிறது? நான்கு இரும்பு, நான்கு கந்தகம் சேர்ந்த ஒரு சிறு கொத்து அதற்குள் போய் அமர்கிறது. அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் மூடிக்கொள்கிறது, ஆர்.என்.ஏ.வைப் பிடிக்க இடமில்லை. பிடி விட்டபின் அது சும்மா இருப்பதில்லை. சிட்ரிக் அமிலத்தை மாற்றும் அகோனிட்டேஸ் என்ற நொதியாக வேலை செய்கிறது. உணரும் கருவி, ஆணையை நிறைவேற்றும் கை, ஒரு முழுநேர நொதி, மூன்றும் ஒரே மூலக்கூறுதான். சமிக்ஞைப் பாதை என்றால் நீண்ட கைனேஸ் வரிசை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வருவோம். இரத்தப் பரிசோதனைத் தாளில் ஃபெரிட்டின் மிக அதிகம் என்று வந்தால், உடம்பில் இரும்பு மிகுந்துவிட்டது அல்லது எங்கோ அழற்சி என்று எண்ணுவது வழக்கம். பெரும்பாலும் அது சரி. ஆனால் 1995-இல் இத்தாலியிலும் பிரான்சிலும் சில குடும்பங்களைப் பற்றிச் செய்தி வந்தது. அவர்களுக்கு ஃபெரிட்டின் எக்கச்சக்கம். இரும்பின் அளவோ இயல்பு. கூடவே இளவயதிலேயே கண்புரை, தலைமுறை தலைமுறையாக. அந்தக் கண்களை விளக்குக் கருவியில் பார்த்தால் வில்லைக்குள் ரொட்டித் தூள் சிதறியதுபோல வெண்புள்ளிகள். கோளாறு, ஃபெரிட்டின் செய்தியின் தலையில் இருக்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவில். ஓர் எழுத்து மாறியதால் ஐ.ஆர்.பி. சரியாக உட்கார முடியவில்லை. பூட்டு விழவில்லை. இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் வந்துகொண்டே இருந்தது. கண் வில்லையில் படிந்தது. இவர்களுக்கு இரும்பு அதிகம் என்று தவறாக முடிவு கட்டி இரத்தத்தை வெளியேற்றினால், கொஞ்ச நாளிலேயே சோகை வந்துவிடும். புரதமாக மாறாத எழுத்துகளைப் பற்றிப் படிப்பதால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் குடும்பங்களின் கதையைத்தான்.

“புரதம் ஆளும், ஆர்.என்.ஏ. அடங்கும்”

இரும்பு வளைவை 1987-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர் மத்தியாஸ் ஹென்ட்சே. கால் நூற்றாண்டு கழித்து, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் அவருடைய குழு வேறொரு கேள்வியை எடுத்தது: செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வைப் பிடித்திருக்கும் புரதங்கள் மொத்தம் எத்தனை? உயிரோடிருக்கும் செல்லின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். அந்தக் கணத்தில் எந்தப் புரதம் ஆர்.என்.ஏ.வைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அது ஒட்டிக்கொள்ளும். பிறகு எம்.ஆர்.என்.ஏ.வை வலைபோட்டு இழுத்து, கூட வந்தவற்றை எண்ணினார்கள். 2012-இல் வந்த விடை, ஹீலா செல்களில் 860 புரதங்கள். சர்க்கரையை உடைக்கும் சாதாரண நொதிகள்கூடப் பட்டியலில் இருந்தன, அவற்றுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் தொடர்பிருக்கும் என்று அதுவரை பலர் நினைத்ததில்லை.

இவ்வளவு புரதங்கள் ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பது அதை ஆளத்தான் என்று சொல்லிவிட முடியாது. சில இடங்களில் ஆர்.என்.ஏ.தான் புரதத்தைப் பிடித்து வைக்கிறது. வால்ட் ஆர்.என்.ஏ. என்ற வகையில் நூறு எழுத்துகூட இல்லாத ஒரு சின்னத் துண்டு உண்டு. செல் தன் பழைய பாகங்களைத் தின்று செரிக்கும் வேலையில் பங்குள்ள பி62 என்ற புரதத்தை அது பற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று சேராமல் தடுக்கிறது. பட்டினி வந்தால் அந்த ஆர்.என்.ஏ.வின் அளவு இறங்குகிறது. பி62 விடுபட்டு வேலையில் சேர்கிறது.

வைரஸ் நுழைந்தால் நடப்பதும் இந்த வகைதான். ரிக்-ஐ, பி.கே.ஆர்., டி.எல்.ஆர்.7 எல்லாம் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதங்கள். பிடித்த மறுகணம் அவையே சமிக்ஞையின் தொடக்கப் புள்ளி ஆகின்றன. பி.கே.ஆர். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டால் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். பல ஆண்டுகளாக எம்.ஆர்.என்.ஏ. மருந்துகளுக்குப் பெரிய தடையாக இருந்தது இந்தக் காவல்தான். வெளியிலிருந்து செலுத்திய ஆர்.என்.ஏ.வை இவை எதிரி என்று கண்டுகொண்டு அழற்சியைக் கிளப்பின. கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல், யுரிடினை அதன் மாறிய வடிவத்தால் மாற்றினால் காவல் எழுவதில்லை என்று காட்டினார்கள். 2023-இன் நோபல் பரிசு அதற்குத்தான்.

தடுப்பூசியின் எம்.ஆர்.என்.ஏ. உடம்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும் என்ற பயம் இன்னும் பலரிடம் உண்டு. பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவர்களுக்கு ஆர்.என்.ஏ.வின் ஆயுளைப் பற்றிச் சொன்னதில்லை. அதை உருவாக்கியவர்கள் பட்ட பாடு முழுக்க, அது வேலை முடியும்வரையாவது நிலைக்க வேண்டுமே என்பதுதான். ஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசியின் தலைப் பகுதி மனித ஆல்ஃபா குளோபினிலிருந்து எடுத்து அமைத்தது. வால் பகுதி, செய்தியை நீடிக்கச் செய்பவை என்று தேடித் தெரிந்தெடுத்த இரண்டு மனித ஆர்.என்.ஏ. துண்டுகள். இவ்வளவு செய்தும் அது அழியக்கூடியதுதான்.

“காரணம் தெரிந்துவிட்டது, இனி மருந்து வந்துவிடும்”

டி.டி.பி.யின் கதையைக் கேட்டதும் யாருக்கும் தோன்றும்: பி38-ஐ முடக்கும் மாத்திரை கொடுத்தால் முடக்குவாதம் அடங்கிவிடுமே? மருந்து நிறுவனங்களுக்கும் தோன்றியது. முயன்றார்கள். நோயாளிகளின் இரத்தத்தில் அழற்சியின் அடையாளமான சி.ஆர்.பி. முதல் சில வாரங்கள் இறங்கியது. பிறகு ஏறிப் பழைய இடத்துக்கே வந்தது. கல்லீரலுக்கும் தொல்லை. முடக்குவாதத்துக்கான மருந்தாக எதுவும் கரை சேரவில்லை. பி38 அழற்சியை மூட்டுவது மட்டுமல்ல, தணிக்கும் பொருட்களை உருவாக்கவும் அதுவே வேண்டும் என்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. முன்பே சொன்ன தண்ணீர்க் குடங்களை நிரப்புவதும் பி38தான். அதை அடைத்தால் குடமும் நிரம்பாது.

உடையும் எக்ஸ் குறைபாட்டிலும் இதே ஏமாற்றம். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பரம்பரை நோய் அது. 1991-இல் மரபணு கிடைத்தது. அதில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து இருநூறு தடவைக்கு மேல் நீண்டுவிட்டால், எஃப்.எம்.ஆர்.பி. என்ற ஆர்.என்.ஏ. பிடிக்கும் புரதம் உருவாகாது. நரம்புச் சந்திப்பில் குளூட்டமேட் சமிக்ஞை வரும்போது புதுப் புரத உற்பத்தியை அளவோடு வைப்பது எஃப்.எம்.ஆர்.பி. அது இல்லாத எலிகளில், அந்தச் சமிக்ஞையின் ஏற்பியை அடைத்தபோது நல்ல பலன் தெரிந்தது. பெற்றோர்கள் எவ்வளவு நம்பியிருப்பார்கள்! மாவோக்ளூரன்ட் என்ற மருந்தின் பரிசோதனை முடிவு 2016-இல் வெளியானபோது, நோயாளிகளிடம் போலி மருந்தைவிட மேலான பலன் தெரியவில்லை.

இந்தத் தோல்விகளைப் பார்த்து எதிர்ப்பக்கம் சாய்ந்தவர்களும் உண்டு. ஆர்.என்.ஏ. பிடிக்கும் புரதங்களில் மருந்து நுழையக் குழி இல்லை, தட்டையாக இருக்கின்றன, இவற்றுக்கு மருந்தே செய்ய முடியாது என்பது அவர்கள் கட்சி. ஆனால் 2015-இல் ஆண்ட்ரூ கிளார்க்கின் குழு, டி.டி.பி.யின் அந்த இரண்டு செரீன்களையும் அலனீனாக மாற்றிய எலிகளைப் பற்றி எழுதியது. அலனீனில் பாஸ்பேட் ஒட்டாது, ஆகவே டி.டி.பி.யை எந்தச் சமிக்ஞையும் கட்டிப்போட முடியாது. கிருமி நச்சால் உண்டாகும் அதிர்ச்சியை இந்த எலிகள் தாங்கி நின்றன. அடுத்த ஆண்டு, மூட்டுவாதத்துக்கும் இவை எளிதில் ஆளாகவில்லை என்று தெரிந்தது. பி38 பாதை முழுவதையும் அடைக்க வேண்டியதில்லை, கடைசிப் படியில் டி.டி.பி.யை மட்டும் விடுவித்தால் போதும் என்ற நம்பிக்கையை இது கொடுத்திருக்கிறது. மருந்து இன்னும் வரவில்லை.

ஆனால் புரதத்தை விட்டுவிட்டு இருக்கையைக் கவனித்த ஒரு மருந்து வந்துவிட்டது. தண்டுவடத் தசைச் சிதைவு நோய், எஸ்.எம்.ஏ. என்றால் நம் ஊரில் பலருக்குத் தெரியும். கோடிக்கணக்கில் ஊசிக்குப் பணம் திரட்டிய பெற்றோர்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்போம். எஸ்.எம்.என்.1 என்ற மரபணு பழுதானதால் வருவது. நம்மிடம் ஏறத்தாழ அதே மாதிரியான எஸ்.எம்.என்.2 என்ற இரண்டாம் பிரதியும் உண்டு. அதில் ஓர் எழுத்து வேறு. அந்த எழுத்து அமினோ அமிலத்தை மாற்றுவதில்லை. ஆனாலும் செய்தியைத் தொகுக்கும்போது ஏழாவது துண்டு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. விடுபடக் காரணங்களில் ஒன்று, பக்கத்துப் பகுதியில் எச்.என்.ஆர்.என்.பி. ஏ1 என்ற புரதம் வந்து உட்காருவது. அந்த அடக்கும் இடத்தை ரவீந்திர சிங்கின் குழு 2006-இல் சுட்டிக்காட்டியது. ஏட்ரியன் கிரைனரின் குழுவும் ஐயோனிஸ் நிறுவனமும் அந்த இடத்துக்கு மேல் சரியாகப் பொருந்தும் 18 எழுத்துத் துண்டு ஒன்றைச் செய்தார்கள். நுசினெர்சென் என்று பெயர். இருக்கையில் துண்டு விரித்து இடம் பிடிப்பதுபோல அது போய்ப் படர்ந்துகொள்ளும். புரதம் உட்கார முடியாது. ஏழாவது துண்டு செய்தியில் சேர்ந்துவிடும்.

இது சமிக்ஞைப் பாதையின் கதை இல்லை, தொகுப்பின் கதை. ஆனால் 51 எழுத்தில் ஷாவும் கேமனும் கண்டதும், கண்புரைக் குடும்பங்களில் தெரிந்ததும், இங்கே மருந்தானதும் ஒரே விஷயம்: புரதமாக மாறாத சில எழுத்துகளின் மேல் யார் உட்காருகிறார்கள் என்பது.

நுசினெர்செனுக்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமான பரிசோதனையில் இருந்தவை, நோயின் கடுமையான வகையோடு பிறந்த கைக்குழந்தைகள். நம் வீடுகளில் மூன்று நான்கு மாதக் குழந்தையைத் தூக்கியதும் பாட்டிமார் முதலில் கேட்பது, தலை நின்றுவிட்டதா என்றுதான். இந்த நோய் உள்ள குழந்தைகளுக்கு அந்தத் தலை நிற்பதில்லை. மருந்து இல்லாமல் போலிச் சிகிச்சை பெற்ற பிரிவில் ஒரு குழந்தைக்கும் நிற்கவில்லை. மருந்து பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 22 பேருக்குத் தலை நின்றது. 10 பேர் புரண்டு படுத்தார்கள். 8 பேர் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தார்கள்.